நர்சிங் வகுப்பில் நாடகம்: எதை எதற்கு வைத்துக்கொள்வது?

செமஸ்டருக்கு நாலைந்து வகுப்புதான் கையில் இருக்கும். அறுபது பிள்ளைகள், துணைக்கு ஒரு சி.ஐ. (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்). இதை வைத்துக்கொண்டு டீமாக வேலை செய்வதையும் நோயாளிக்காக வாய் திறந்து பேசுவதையும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஸ்லைடு போட்டு நடத்தினால் பரீட்சையில் அழகாக எழுதிவிடுவார்கள். ஆனால் வார்டில் ட்யூட்டி டாக்டர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க போங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டால், படித்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். சரி, நாடகம் போட்டுச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவெடுக்கிறோம். அடுத்த நிமிஷமே எந்த நாடகம் என்ற கேள்வி வருகிறது. வகுப்பில் நடிக்கும் ரோல் பிளே, மேனிகின் என்ற நோயாளி பொம்மையை வைத்த சிமுலேஷன், பயிற்சி பெற்றவரை நோயாளியாக நடிக்க வைப்பது, வீதி நாடகம், பார்ப்பவர்களே மேடையேறி கதையை மாற்றும் ஃபோரம் தியேட்டர் எனப்படும் விவாத அரங்கு என்று பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் "ஆக்டிவிட்டி" என்று ஒரே பெயரில் எழுதி வைத்துவிடுகிறோம். அவை செய்யும் வேலை ஒன்றுக்கொன்று வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீம்வொர்க்குக்கு சிமுலேஷன், நோயாளிக்காகப் பேசுவதற்கு விவாத அரங்கு. ஒன்றுக்குத்தான் நேரமும் ஆளும் இருக்கிறது என்றால் விவாத அரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடம் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005 மார்ச் 29 அன்று எலெய்ன் பிரோமிலி என்ற 37 வயதுப் பெண் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்கு வந்தார். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப் பாதை அடைபட்டுவிட்டது. அனுபவமுள்ள மயக்கவியல் நிபுணர்களும் காது மூக்கு தொண்டை சர்ஜனும் சேர்ந்து ட்யூப் போட முயன்றுகொண்டே இருந்தார்கள், நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நர்ஸ், கழுத்தில் துளை போட்டு மூச்சுவிட வைக்கும் டிரக்கியாஸ்டமி செட்டை வரவழைத்து, அது தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் ஐ.சி.யூ.வில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். எதற்கு இவ்வளவு பதற்றம் என்பதுபோல டாக்டர்கள் பார்த்ததும், திரும்பப் போய் அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்துபோனார். அங்கிருந்த நர்ஸ்களில் சிலருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தே இருந்தது, அதை எப்படி எடுத்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அவருடைய கணவர் மார்ட்டின் பிரோமிலி ஒரு விமானி. விமானத்துறையில் இந்த மாதிரி நேரத்துக்கென்றே பயிற்சி உண்டு என்பதால், மருத்துவத்திலும் அது வர வேண்டும் என்று 2007இல் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

அறிவு இருந்தது, கருவி இருந்தது, ஆளும் இருந்தார்கள். ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லிச் சொல்லித்தான் அது வாயில் வரும். நாடகத்தின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ரோல் பிளே. செலவு கிடையாது, அதனால்தான் எல்லோரும் செய்கிறோம். பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டு, நீ டாக்டர், நீ நர்ஸ் என்போம். டாக்டராக வந்தவள் குரலைக் கட்டையாக்கிப் பேசுவாள், வகுப்பு சிரிக்கும். நர்ஸாக வந்தவள் புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பாள். எதிரில் இருப்பது ஹாஸ்டல் ரூம்மேட் என்பதால் டாக்டர் இரண்டாவது வரியிலேயே "ஓகே சிஸ்டர், உடனே வர்றேன்" என்று சொல்லிவிடுவாள். மீதி ஐம்பத்தெட்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இதில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்கு ரோல் பிளேயை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அது போனில் டாக்டரைக் கூப்பிடும் பயிற்சி. எஸ்பார் என்ற முறை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும் என்ற நாலு படிகள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் இருந்த பழக்கத்தை 2000களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ள, அங்கிருந்து உலகமெல்லாம் போனது. இதற்கு மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டாக்டர், ஒருத்தி கவனிப்பவள். நர்ஸும் டாக்டரும் முதுகோடு முதுகு உட்கார வேண்டும், முகம் தெரியக்கூடாது. போனில் முகம் தெரியாது அல்லவா? அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்கப் பேசி முடித்துவிடலாம்.

"டாக்டர், போஸ்ட்நேட்டல் வார்டிலிருந்து ஸ்டாஃப் பேசுறேன். ஆறாம் பெட் அம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகமா இருக்கு. சாயங்காலம் 7 மணிக்கு நார்மல் டெலிவரி, ரெண்டாவது குழந்தை. பல்ஸ் 120, பிபி 100/60, ஒரு மணி நேரத்துல ரெண்டு பேட் முழுசா நனைஞ்சிருக்கு, யூட்ரஸ் தளர்வா இருக்கு. பி.பி.எச்.னு நினைக்கிறேன். நீங்க உடனே வரணும்."

(யூட்ரஸ் என்பது கருப்பை, பி.பி.எச். என்பது பிரசவத்துக்குப் பிறகு வரும் அதிக ரத்தப்போக்கு.) முதல் மூன்று படியும் சீக்கிரம் பழகிவிடும். கடைசி வாக்கியம் மட்டும் வாயில் வராது. "கொஞ்சம் பார்க்குறீங்களா டாக்டர்" என்பார்கள், "சும்மா இன்ஃபார்ம் பண்ணேன்" என்பார்கள். "நீங்க உடனே வரணும்" என்பது கட்டளைபோல இருக்கிறதே என்று கூச்சம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாலே ரோல் பிளேக்குக் கொடுத்த நேரம் வீணாகாது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிபி 100/60 என்றால் கேஸ் ஷீட்டில் யார் கண்ணையும் உறுத்தாது. ஆனால் பல்ஸை மேல் பிபியால் வகுத்தால் 1.2 வருகிறது. பிரசவமான பெண்ணுக்கு அது 0.9ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. இளம் தாய்மாரின் உடம்பு கடைசிவரை பிபியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், விழும்போது மொத்தமாக விழும். பல்ஸைப் பார்த்துப் பயந்தவள் நர்ஸ், பிபியைக் கேட்டு சமாதானமாகிவிட்டவர் டாக்டர் என்று வைத்தால் காட்சிக்குள் உண்மையான மோதல் வந்துவிடுகிறது. நாடகம் எழுதும்போது இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தைத் தேடி எடுங்கள்.

அடுத்து சிமுலேஷன். மூச்சு விடும், நாடி துடிக்கும், மானிட்டரில் எண் மாறும் மேனிகின்கள் பல லட்சம் ரூபாய் ஆகும். பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் 10 நர்சிங் கல்லூரிகளை வைத்து நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் நடத்திய ஆய்வு 2014இல் வந்தது. வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சியில் வேறுபாடு இல்லை என்று அது சொன்னது. ஆனால் அங்கே நடத்தியவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். மேனிகினை மட்டும் வாங்கி வைத்துவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. இன்ஸ்பெக்ஷன் அன்றுதான் உறையைக் கழற்றுகிறோம் என்றால் அந்தப் பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

டீம்வொர்க் என்பது கை வேலையும் வாய் வேலையும் சேர்ந்தது, அதனால் சிமுலேஷன் அதற்கு அப்படிப் பொருந்துகிறது. ரத்தப்போக்கு என்றதும் ஒருத்தி யூட்ரஸைத் தேய்க்க வேண்டும், ஒருத்தி பெரிய கேனுலா போட வேண்டும், ஒருத்தி மருந்து எடுக்க, ஒருத்தி நேரம் எழுத, ஒருத்தி ரத்த வங்கிக்குப் பேச. "ஆர்.எல். 500 மில்லியில் ஆக்ஸிடோசின் 20 யூனிட்" (டிரிப் திரவத்தில் கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து) என்று ஒருவர் சொன்னால், கேட்டவள் அதையே திருப்பிச் சொல்லி, முடித்ததும் "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னது யாருக்கு என்று தெரியாமல் மூன்று பேர் மருந்து டிரேயை நோக்கி ஓடுவதும், தாயின் பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் போவதும் முதல் முறை கட்டாயம் நடக்கும். நடக்கட்டும். வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினால் நாம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லட்சக்கணக்கில் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. லெர்டால் நிறுவனத்தின் மாமாநாட்டலி என்ற கருவியை ஓர் ஆள் வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்துக்கொள்ளலாம், பையிலிருந்து சிவப்புத் தண்ணீர் வழியும். அதுவும் இல்லையென்றால் சலைன் பையும் சிவப்புச் சாயமும் போதும். இதில் பெரிய லாபம், தாய் பேசுவாள். "எனக்கு என்னமோ பண்ணுது சிஸ்டர், குழந்தை எங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்வதும் டீமில் ஒருவரின் வேலை என்பது அப்போதுதான் உறைக்கும். ஊமை பொம்மையிடம் அந்த வேலையை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

சிமுலேஷனில் குறை என்னவென்றால், அதிகாரம் இருக்காது. மேனிகின் மிரட்டாது. சீனியர் சிஸ்டர் முறைக்க மாட்டார். கதவுக்கு வெளியே மாமியார் நின்று கத்த மாட்டார். எல்லோரும் உதவி செய்யும் மனநிலையில் இருக்கும் ஓர் அறையில், தெரிந்ததைச் சரியாகச் செய்யப் பழகலாம். தடுப்பவரைத் தாண்டிப் பேசப் பழக முடியாது.

பயிற்சி பெற்றவரை நோயாளியாக நடிக்க வைக்கும் முறை 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கியது. எல்லா மாணவர்களிடமும் ஒரே கதையை ஒரே மாதிரி நடித்துக் காட்டுவார்கள் என்பதால் செய்முறைத் தேர்வுக்கு மிகவும் நல்லது. முடிந்ததும் அவரே "நீங்க கேஸ் ஷீட்டைத்தான் பார்த்தீங்க, என் முகத்தைப் பார்க்கவே இல்ல" என்று சொல்லும்போது அது ஆசிரியர் சொல்வதைவிட ஆழமாக இறங்கும். ஆனால் ஆள் பிடித்து, பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுக்க வேண்டும். கேட்கக் கற்றுக்கொடுக்கும் முறை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். நம் இரண்டு பாடத்துக்கும் இதை முதல் தேர்வாக வைக்க மாட்டேன்.

வீதி நாடகத்தைப் பற்றிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். மார்ச் 24 காசநோய் தினம், மே 12 செவிலியர் தினம், ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று நம் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் அருமையாக நாடகம் போடுகிறார்கள். அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்களைப் பார்த்து வளர்ந்த ஊர்களுக்கு இது புதிதும் இல்லை. ஒத்திகையில் கூடி வேலை செய்வது, கூச்சம் போவது, குரல் எழுப்புவது எல்லாம் உண்மையான லாபம்தான். ஆனால் கதையைப் பாருங்கள். நர்ஸ் எப்போதும் எல்லாம் தெரிந்தவள், நோயாளி எப்போதும் ஒன்றும் தெரியாதவன், கடைசியில் நர்ஸ் புத்தி சொல்ல அவன் திருந்துகிறான். நோயாளி சொல்வதில் உண்மை இருக்கிறது, அவனுக்கு ஓர் உரிமை இருக்கிறது, அதற்காக நான் என் இடத்திலேயே ஒருவரை எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே கிடையாது. அதனால் சமுதாய நலப் பாடத்துக்கு வீதி நாடகம் இருக்கட்டும். "நோயாளிக்காகப் பேசுதல் நடத்தியாயிற்று" என்று அதைக் கணக்கில் எழுத வேண்டாம்.

இனி விவாத அரங்கு. பிரேசில்காரரான அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த முறை இது. நம் நாட்டில் மேற்கு வங்கத்தின் ஜன சம்ஸ்கிருதி 1985 முதல் கிராமங்களில் இதைச் செய்துவருகிறது. எட்டுப் பத்து நிமிஷ நாடகம், முடிவு கெட்டதாக இருக்கும். ஒருமுறை முழுதாக நடித்துக் காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இந்த முறை பார்த்துக்கொண்டிருக்கும் யாரும் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு மேடையேறி, தவித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு மாதிரி செய்து பார்க்கலாம். மற்றவர்கள் தங்கள் பாத்திரத்தை விட்டுக்கொடுக்காமல் எதிர்வினை காட்டுவார்கள். நடுவில் நின்று நடத்துபவருக்கு போவால் ஜோக்கர் என்று பெயர் வைத்தார். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு அந்த ஆளை ஏற்கெனவே தெரியும், கட்டியக்காரன்தான். கதைக்குள்ளும் இருப்பான், கூட்டத்தோடும் பேசுவான், ராஜாவையே கேள்வி கேட்பான். ஆசிரியர் அந்த வேஷத்தை எடுத்துக்கொண்டால் போதும், நாடகப் பயிற்சி ஏதும் தேவையில்லை.

ஆறாம் பெட் கதையையே எடுத்துக்கொள்வோம். இரவு 2 மணி. நர்ஸ் போன் செய்கிறாள், டாக்டர் "பிபி நல்லாத்தானே இருக்கு, லேபர் ரூம்ல கேஸ் இருக்கு, அப்புறம் பார்க்குறேன்" என்று வைத்துவிடுகிறார். சீனியர் சிஸ்டர் "சொல்லியாச்சுல்ல, எழுதி வெச்சிட்டு வேலையைப் பாரு" என்கிறார். தாய் "தலை சுத்துது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நாடகம் முடிகிறது.

மறுபடி ஓட்டும்போது முதலில் எழுந்து வருபவள் கோபக்காரியாகத்தான் இருப்பாள். போனில் சத்தம் போடுவாள். டாக்டர் "உங்க இன்சார்ஜ் யாரு?" என்று கேட்டதும் அடங்கிப்போவாள். அடுத்தவள் எஸ்பார் முறையில் அழகாகச் சொல்வாள். அப்போதும் டாக்டர் வர மாட்டார், ஏனென்றால் லேபர் ரூமில் உண்மையிலேயே கேஸ் இருக்கிறது. மூன்றாமவள் "கவலையா இருக்கு டாக்டர், எனக்கு இது சரியாப் படல, நீங்க வர முடியலன்னா நான் அசிஸ்டென்ட் புரொஃபசருக்குப் போன் பண்றேன், உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பண்றேன்" என்பாள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பிறகு யாரோ ஒருத்தி, நர்ஸின் இடத்தை எடுக்காமல் சீனியர் சிஸ்டரின் இடத்தை எடுப்பாள். வந்து வேறொன்றும் செய்ய மாட்டாள், "நீ அம்மாகூட இரு, யூட்ரஸை விடாம தேய், போனை எங்கிட்ட குடு" என்பாள். எங்கள் வகுப்பில் அந்த இடம் வந்தபோது நர்ஸாக நடித்த பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். துணிச்சலான ஒருத்தி தனியாகச் செய்து காட்டும் வீரம் என்று நோயாளிக்காகப் பேசுவதை நினைத்துக்கொண்டிருந்த வகுப்புக்கு, பக்கத்தில் நிற்கும் ஒருவர் கிடைத்தால்தான் அது நடக்கும் என்பது அங்கே தெரிந்துபோனது. நாம் தனித்தனியாக நடத்திக்கொண்டிருக்கும் இரண்டு பாடமும் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதான். விவாத அரங்கை நான் மேலே வைப்பதற்கு முக்கியமான காரணமும் அதுதான்.

விதிகளில் கறாராக இருக்க வேண்டும். டாக்டரின் இடத்தை யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் நல்ல டாக்டராக மாற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள், வார்டில் அந்த வசதி நமக்கு இல்லை. டாக்டராக நடிப்பவர் காரணமில்லாமல் இறங்கி வரவும் கூடாது. மாணவியைவிட அனுபவமுள்ள ஒரு ஸ்டாஃப் நர்ஸை அந்த வேஷத்துக்குக் கூப்பிடுங்கள், அத்தனை வருஷம் எத்தனை டாக்டரைப் பார்த்திருப்பார், பிரமாதமாகச் செய்வார். ஹவுஸ் சர்ஜன்களே வந்தால் இன்னும் நல்லது. ஆனால் டாக்டரை வில்லனாக்க வேண்டாம். அவருக்கும் தூக்கமில்லாத இரவு, அவருக்கும் மேலே ஒருவர்.

கதைக்குப் பஞ்சமே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. புரியவைத்த பிறகே சம்மதம் வாங்குவது, ஆண் டாக்டர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருப்பது, நோய் விவரத்தை ரகசியமாக வைப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு நாடகம். கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பிரசவ வலியில் இருப்பவளிடம் அதற்கான சம்மதப் பேப்பரை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்று கேட்கும் காட்சியை வைத்துப் பாருங்கள். போனில் டாக்டரை மடக்கியவர்களே இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் இந்தக் காட்சியில் பேப்பரை நீட்டுவது நர்ஸேதான்.

ஆபத்தும் இந்த முறையில்தான் அதிகம். நேற்று வார்டில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள் இன்று அதே காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதனால் உங்கள் மருத்துவமனையில் நடந்ததை அப்படியே நாடகமாக்காதீர்கள், வார்டையும் ஆளையும் நோயையும் மாற்றுங்கள். மேடையேற விரும்பாதவளைத் தள்ளாதீர்கள், கவனித்து எழுதும் வேலையைக் கொடுங்கள். முடிந்ததும் நடித்தவர்கள் பேட்ஜைக் கழற்றிவிட்டுத் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு உட்காரட்டும். டாக்டராக நடித்தவளை ஹாஸ்டலிலும் கோபமாகப் பார்ப்பது நடக்கிற விஷயம்தான்.

எந்த முறையானாலும் பிறகு உட்கார்ந்து பேசும் நேரம் நடித்த நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். பத்து நிமிஷ நாடகம் என்றால் இருபது நிமிஷப் பேச்சு. "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று ஆரம்பித்தால் பிள்ளை தற்காப்புக்குப் போய்விடும். "டாக்டர் போனை வைத்ததும் நீ ஒரு நிமிஷம் அசையாமல் நின்றதைப் பார்த்தேன், எனக்குக் கவலையாக இருந்தது, அப்போது உன் மனசில் என்ன ஓடியது?" என்று கேட்டுப் பாருங்கள்.

நேரம் ஒதுக்க ஒரு யோசனை. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி ஆறாவது செமஸ்டரில் நிர்வாகம் - தலைமைத்துவப் பாடமும் மகப்பேறு நர்சிங்கின் முதல் பகுதியும் ஒன்றாக வருகின்றன. இரண்டு பாடத்திலிருந்தும் கொஞ்சம் மணி நேரம் எடுத்தால், முதுகோடு முதுகு போன் பயிற்சியை ஒரு நாளும் விவாத அரங்கை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளலாம். மேனிகினும் நடத்தத் தெரிந்த ஆளும் இருந்தால் மூன்றாவதாக சிமுலேஷன். மேனிகின் இல்லையே என்று முதல் இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம்.

பலன் தெரிந்ததா என்று பார்க்க, வகுப்பு முடிந்ததும் கொடுக்கும் கருத்துப் படிவத்தை நம்பாதீர்கள், எல்லோரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். போஸ்டிங்கில் போய்ப் பாருங்கள். ட்யூட்டி மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் பல்ஸை எண்ணோடு சொல்கிறாளா, "நீங்க வரணும்" என்ற வாக்கியம் வருகிறதா. அதற்கு முன்னால் வார்டு இன்சார்ஜிடம் பேசிவிடுவது முக்கியம். வகுப்பில் பேசப் பழகியவள் வார்டில் முதல் முறை வாயைத் திறந்ததும் "நேத்து வந்த ஸ்டூடன்ட்டுக்கு என்ன பேச்சு" என்று கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவள் பேச மாட்டாள். முடிந்தால் அந்த இன்சார்ஜ் சிஸ்டரையே வகுப்புக்கு வரவழைத்து, சீனியர் சிஸ்டர் வேஷத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.